மேல் கோர்ட்டுக்குப் போகிற வழி

மாயாண்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தபோது பிடிபட்டான்.

அது அவன் பெண்சாதி அழகம்மாவின் காம்பரா. ஒரு கதவு, ஓர் அடுப்பு, படுக்க ஒரு மூலை. பன்னிரண்டு காம்பராக்கள் ஒட்டிக் கிடந்த, பள்ளத்துப் பணிய லயத்தில் கடைசி அறை. கோதுமை மாவில் தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்து, தகரத்தில் தட்டிப்போட்டு, அவளுக்காகத்தான் சுட்டுக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை முற்பகல். அழகம்மா பீலிக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். தோட்டத்துக் காவல்காரன் மூக்கன் வாசற்படியில் உட்கார்ந்து இரண்டாவது ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தான். மாயாண்டியைப் பிடிக்க வேண்டியவன் அவன்தான். அது அவனுக்கு ஞாபகம் இல்லாமல் இல்லை; ரொட்டி சூடாக இருந்தது.

வேலை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா ஞாயிற்றுக்கிழமையில் அந்தப் பக்கம் வருவார் என்று யாரும் நினைக்கவில்லை.

"உள்ள யாருடா?"

"யாருமில்லீங்க ஐயா." மூக்கன் எழுந்து நின்றான். வாயில் ரொட்டி.

"அப்ப ரொட்டி யாரு சுடுறது?"

"அழகம்மாங்க."

"அழகம்மாவ இப்பத்தான் பீலிக்கிட்ட பாத்துட்டு வாறேன்."

மூக்கன் விழுங்கினான். "அப்பன்னாத் தெரியலீங்க."

போலீஸ் எழுதியதில் ரொட்டி இல்லை. "தோட்டத்துக்குள் அனுமதியின்றி அத்துமீறிப் புகுந்து, அறையில் குடியிருப்பவருக்கு எரிச்சல் உண்டாக்கும் எண்ணத்தோடு தங்கியிருந்தான்" என்று இருந்தது. அன்று அந்த அறையில் எரிச்சல் கண்டது மாயாண்டியின் கண் மட்டும்தான். அதுவும் பச்சை விறகுப் புகையால்.

இது நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் வருஷம், இலங்கை மலைநாட்டில், லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில். ஆறு மாதத்துக்கு முன்புவரை மாயாண்டியும் அந்தத் தோட்டத்து ஆள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பங்களாப் பூந்தோட்டத்தில் புல் வெட்டக் கூப்பிட்டார்கள். "ஆறு நாளு தொரைக்கு, ஒரு நாளு பொண்டாட்டிக்குங்க" என்றான். கூட நின்றவர்கள் சிரித்தார்கள். சிரிப்புத்தான் குற்றமாகிவிட்டது. மறுநாளே பேரை வெட்டி, வேலையிலிருந்து விலக்கியதற்கான பத்துச்சீட்டைக் கையில் கொடுத்து எல்லைக்கு வெளியே அனுப்பினார்கள். அந்தச் சீட்டைக் காட்டி வட்டகொடைத் தோட்டம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான்.

அழகம்மாவும் தன் சீட்டைக் கேட்டாள். சீட்டு இல்லாத ஆளை எந்தத் தோட்டமும் ஏற்காது. இராமையா கங்காணி கொடுக்கவில்லை. "இம்புட்டு வெரசாக் கொழுந்து எடுக்குற கைய எவன் விடுவான்?" என்று சிரித்தார். அதைப் பாராட்டு என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆக, பெண்சாதி ஒரு தோட்டம், புருஷன் ஒரு தோட்டம். ஞாயிறு தவறாமல் மாயாண்டி விடியற்காலையில் புறப்பட்டுக் குறுக்குப் பாதைகளில் மூன்று மணி நேரம் நடந்து வருவான். இருட்டுவதற்குள் திரும்பிவிடுவான். லயத்துக்கே தெரியும். நாய்கூடக் குரைக்காது.

திங்கட்கிழமை போலீஸ் கோர்ட்டில் நிறுத்தினார்கள். அழகம்மாவை உள்ளே விடவில்லை. வராந்தாவில் நின்று ஜன்னல் வழியாகக் கேட்டாள். துவிபாஷி தமிழில் கேட்டார்: "அந்த அறைக்கு உன்னை வரச்சொன்னது யார்?"

மாயாண்டி நிமிர்ந்து நின்று சொன்னான்: "எவரும் வரச்சொல்லலீங்க. நானாத்தான் போனேன்."

துவிபாஷி அதை இங்கிலீஷில் சொன்னார். நீதவான் எழுதிக்கொண்டார். அத்துடன் வழக்கு முடிந்தது. ஆறு வாரக் கடுங்காவல். வெளியே வந்த பிறகும் அந்தத் தோட்டத்து எல்லையை மிதிக்கக் கூடாது. அறையில் குடியிருப்பவளுக்கு எரிச்சலா இல்லையா என்று, நாலு முழ தூரத்தில் நின்றவளை யாரும் கேட்கவில்லை. படித்தவர்கள் நான்கு பேர் அந்த அறையில் இருந்தார்கள். நான்கு பேருக்கும் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் கங்காணி லயத்துக்கு வந்து எல்லாரும் கேட்கச் சொன்னார்: "இந்தா அழகம்மா, இனிமே அவன் வெளி ஆளு. நான் சொல்லல. கோர்ட்டுச் சொல்லிருச்சு."

"தாலி கட்டுனவரு வெளி ஆளா?"

"காம்பரா தொரையோடது. தாலிதான் ஒன்னோடது."

ஆறு வாரத்தை அவள் எப்படியும் தள்ளியிருப்பாள். இந்த 'வெளி ஆளு'வைத்தான் அவளால் தள்ள முடியவில்லை. மலையில் கொழுந்து எடுக்கும்போதும் கூடையை இறக்கும்போதும் அதையே முணுமுணுத்தாள். பக்கத்துக் காம்பரா மீனம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். ஏழாம் நாள், அடுத்த திங்கட்கிழமை, வேலை விட்டதும் அவளை இழுத்துக்கொண்டு லிந்துலைக் கடைவீதிக்குப் போனாள்.

"இப்புடி மொணங்கிக்கிட்டே இருந்தா நாந்தான் பைத்தியமாவேன். வா, புள்ளகிட்ட கேப்போம்."

புள்ள என்றது செல்லசாமிப் பிள்ளையை. பலசரக்குக் கடைக்காரர். கடைவீதியில் தமிழில் மனு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். தெரியாது என்று சொல்லத் தெரியாதவரும் அவர்தான். போலீஸ் அழகம்மாவிடம் கொடுத்திருந்த இங்கிலீஷ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கொழும்பிலிருந்து வந்திருந்த சாமான் தரகர் ஒருவரிடம் அதை வாசித்துக் காட்டச் சொன்னார். பிறகு தாமே வாசித்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டார்.

"இதுக்கு அப்பீல் உண்டு. மேல் கோர்ட்டுக்குப் போகணும். ஆனா பத்து நாளைக்குள்ள. தீர்ப்பு என்னிக்கு?"

"போன திங்கக்கெழமைங்க."

"அப்ப வர்ற வியாழக்கெழமையோட கதவு மூடிரும். அப்பறம் ஆண்டவனே வந்தாலும் அவன் வெளி ஆளுதான்."

அங்கேயே உட்கார்ந்து மனு எழுதினார். "மகாகனம் பொருந்திய மேல் கோர்ட்டு நீதிபதி துரையவர்கள் திவ்விய சமூகத்துக்கு" என்று ஆரம்பித்து, அந்த ஆரம்பத்துக்கே முக்கால் பக்கம் செலவிட்டார்.

"மேல் கோர்ட்டு எங்கன இருக்குங்க?" என்று அழகம்மா கேட்டாள்.

பிள்ளை பேனாவால் கூரையைக் காட்டினார். "மேல்னா மேலதான்."

அந்த ஊரில் அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. தோட்டத்தில் மனிதனின் தகுதி, அவன் எவ்வளவு உயரத்தில் படுக்கிறான் என்பதில் இருந்தது. பள்ளத்தில், ஓடையோரம், பணிய லயம். அதற்கு மேலே மேட்டு லயம். அதற்கும் மேலே கங்காணி வீடு, பிறகு கண்டாக்கின் வீடு, பிறகு சின்னதுரை பங்களா. உச்சியில், மேகம் முட்டுகிற இடத்தில், பெரியதுரை பங்களா. கீழே இருப்பவன் மேலே இருப்பவனுக்குச் சலாம் போடுவான். மழைத் தண்ணீரும் வசவும் மேலிருந்து கீழே வரும். அப்படியானால் தண்டித்த கோர்ட்டுக்கு மேலான கோர்ட்டு எங்கே இருக்கும்? அந்தக் கோர்ட்டுக்கு மேலே, மலை உச்சியில், வெள்ளைக்காரத் துரைமார்கள் வெயில் காலத்தில் ஓடிப்போகிற நுவரெலியாவில். இரண்டு பெண்களும் இதைக் கலந்துகூடப் பேசவில்லை. செவ்வாய்க்கிழமை பெரட்டுக்குப் போய் நிற்காமல், பேர் கூப்பிடும் நேரத்தில் மலைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஏண்டி, நாம போயி நிக்குறப்ப ஜட்ஜு தொரை குதிர ஓட்டப் பந்தயத்துக்குப் போயிருந்தா?"

"குதிரகிட்டயே மனுவக் குடுத்துட்டு வந்துருவோம்."

"குதிர நம்ம புள்ளய விட நல்லாப் படிக்கும்" என்றாள் மீனம்மா. இருவரும் நடுப்பாதையில் நின்று சிரித்தார்கள். மாயாண்டி பிடிபட்ட பிறகு அழகம்மா சிரித்தது அதுதான் முதல் தடவை.

நுவரெலியாக் கோர்ட்டு வாசலை அடைந்தபோது உச்சிப்பொழுது. குளிரில் விரல் மரத்துப்போயிருந்தது. வாசலில் நின்ற சிங்களச் சேவகர் மனுவைப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

"மெஹே நெமெய் அம்மே. கொழம்ப."

"இங்க இல்லியாம். கொழும்பாம்" என்றாள் மீனம்மா. அவளுக்குச் சிங்களம் கொஞ்சம் வரும்.

"கொழும்பு எதுக்கு? நான் மேல் கோர்ட்டுக்குல்ல வந்திருக்கேன்!"

அழகம்மாவின் குரல் உயர்ந்தது. உள்ளே மேசையில் சாப்பாட்டுப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்த துவிபாஷி தம்பையா எட்டிப்பார்த்தார். யாழ்ப்பாணத்துக்காரர். மூக்குக் கண்ணாடி, வெள்ளைக் கோட்டு, கழுத்தில் கம்பளிச் சால்வை. பொட்டலத்தை ஏக்கத்தோடு பார்த்து மூடிவிட்டு எழுந்து வந்தார்.

"என்ன பிள்ளை சத்தம்? எங்கையிருந்து வாறாய்?"

அவள் சொன்னாள். ரொட்டியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னாள். அவர் குறுக்கே பேசவில்லை. மனுவின் முதல் முக்கால் பக்கத்தை மட்டும் வேகமாகக் கண்ணால் தாண்டினார்.

"உன்னை இஞ்சை ஏறச் சொன்னது ஆர்?"

"யாருமில்லீங்க. மேல் கோர்ட்டுன்னாங்க. இதவிட மேல ஊரு ஏது?"

தம்பையாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் காலைப் பார்த்தார். பாதை முழுக்கச் செருப்பில்லாமல் ஏறிவந்த கால். சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

"பிள்ளை, மேல் கோர்ட்டு எண்டது சுப்பிரீம் கோர்ட்டு. அது கொழும்பிலை, புதுக்கடையிலை. கடலுக்குக் கிட்ட."

"கடல்கிட்டயா? அம்புட்டுப் பணியவா?"

"பணிய இருந்துக்கிட்டு மேல்னு பேரு வச்சா நாங்க எங்கிட்டுப் போறது?" என்றாள் மீனம்மா கோபமாக, அந்தப் பெயரைத் தம்பையாவே வைத்ததுபோல.

"இஞ்சத்தை நீதவானும் உங்கட நீதவானும் ஒரே படி. அவரின்ர தீர்ப்பிலை இவர் கை வைக்கேலாது."

அழகம்மா யோசித்தாள். "ஒரு கங்காணியோட ஆள, இன்னொரு கங்காணி பேரு வெட்ட முடியாதே, அந்த மாதிரிங்களா?"

"அதேதான்!" தம்பையாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. இருபது வருஷமாக நியாயாதிக்கம் என்ற சொல்லைப் பலருக்கு விளக்கி அலுத்துப் போனவர் அவர். "சரி, இப்ப சொல்லு. அந்த அறையிலை குடியிருக்கிறது ஆர்?"

"நாந்தாங்க."

"உன்ர மனுசன் வந்தது உனக்கு அரியண்டமோ?"

அவள் மீனம்மாவைப் பார்த்தாள். மீனம்மா உதட்டைப் பிதுக்கினாள். "அரியண்டம்னா என்னங்க?"

"கரைச்சல். தொந்தரவு. எரிச்சல்."

"தொந்தரவுதாங்க" என்றாள் அழகம்மா. "வந்தா ஒரு நேரம் சும்மா இருக்க மாட்டாரு. கூர ஒழுகுதுன்னு ஏறுவாரு. அடுப்பு பொகையுதுன்னு இடிச்சுக் கட்டுவாரு. நான் கொழுந்து எடுத்த விரலத் தொட்டுத் தொட்டுப் பாத்து, ஏன் இப்புடி வெடிச்சிருக்குன்னு என்னயே திட்டுவாரு. அந்தத் தொந்தரவு இல்லாம இப்ப எட்டு நாளாச் சோறு எறங்கல."

தம்பையா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நேரம் கொஞ்சம் கூடுதலாக எடுத்துக்கொண்டார். அவர் பெண்சாதி யாழ்ப்பாணத்தில் இருந்தாள். வருஷத்துக்கு இரண்டு தடவை லீவு.

"இதைச் சட்டத்திலை எரிச்சல் எண்டு சொல்ல ஏலாது" என்றார் கடைசியில். "உன்னைக் கேளாமல் தீர்ப்புச் சொன்னது பிழை. மேல் கோர்ட்டு இதைக் கேக்கத்தான் வேணும். ஆனா இந்த மனு சரிவராது. மறியலிலை, அதுதான் ஜெயிலிலை, இருக்கிறது உன்ர மனுசன். தீர்ப்பை எதிர்க்கிற உரிமை அவருக்குத்தான், உனக்கில்லை. அவர் ஜெயிலரிட்ட வாயாலை சொன்னால் போதும். ஜெயிலர் எழுதி, தண்டிச்ச கோர்ட்டுக்கே அனுப்புவார். அவையள் கொழும்புக்கு அனுப்புவினம். வியாழக்கிழமை பின்னேரத்துக்கு முன்னம் சொல்லிப்போட வேணும். கண்டி மறியலுக்குப் போ. அப்பீல் அலுவல் எண்டு சொல்லு, பாக்க விடுவினம்."

"தண்டிச்ச கோர்ட்டுக்கேவா?" என்று மீனம்மா வாயைப் பிளந்தாள்.

"அது தபால் பெட்டி மாதிரி. திறந்து தீர்ப்பு மாத்தேலாது. அனுப்பத்தான் வேணும்."

கிளம்பும்போது தம்பையா தன் சாப்பாட்டுப் பொட்டலத்தை அழகம்மாவின் கையில் வைத்தார். "இடியப்பமும் சொதியும். இரவைக்கு வைச்சுப் புளிக்கப் பண்ணாதை, இப்பவே சாப்பிடு." கோர்ட்டு மணி அடித்தது. பட்டினியோடு உள்ளே ஓடினார்.

புதன்கிழமை தலவாக்கலையில் ரயில் ஏறி அழகம்மா தனியாகக் கண்டிக்குப் போனாள். மீனம்மாவுக்கு வீட்டில் பால் குடிக்கிற பிள்ளை; இன்னொரு நாளும் விட்டுவிட்டு வர முடியவில்லை. போய்ச் சேர்ந்தபோது பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. ஒரு கோயில் மடத்தில் படுத்துக் கிடந்துவிட்டு, வியாழக்கிழமை காலையில் சிறை வாசலில் நின்றாள். பத்தாவது நாள்.

ஜெயிலர் பறங்கியர். கைதிகளிடமிருந்து தமிழ் கற்றவர். அதனால் தோட்டத்துத் தமிழ் நன்றாகவே பேசுவார், கெட்ட வார்த்தைகள் உட்பட. கம்பி வலைக்கு அந்தப் பக்கம் மாயாண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையை மழித்திருந்தார்கள். அழகம்மாவைப் பார்த்ததும் கையால் தலையை மறைத்துக்கொண்டான்.

"நீ ஏன் புள்ள வந்த? பெரட்டுக்குப் போகல?"

"மூணு நாளாப் போகல. மண்டைய மறைக்காதீங்க. நான் பாத்துட்டேன். பீலிக் கல்லு மாதிரி இருக்கு."

ஜெயிலர் மேசையில் காகிதத்தை எடுத்து வைத்தார். "மாயாண்டி. அப்பீல் போடணுமா?"

"வேணாங்க."

"போடணுங்க" என்றாள் அழகம்மா.

ஜெயிலர் அவள் பக்கம் திரும்பினார். "உள்ள இருக்கது நீயா, அவனா?"

"அவருங்க."

"அப்ப அவன்தான் சொல்லணும். நீ தலகீழா நின்னாலும் நான் எழுத ஏலாது. சட்டம் அப்புடி." சட்டைப்பையிலிருந்து கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். "பத்து நிமிசம் தாறேன். சண்டையப் போட்டு முடிச்சிட்டு ஒரு ஆள் சொல்லுங்க." எழுந்து போய் ஜன்னலருகே நின்று சுருட்டைப் பற்றவைத்தார்.

"எதுக்கு புள்ள இதெல்லாம்?" என்றான் மாயாண்டி தணிந்த குரலில். "மேல எழுதுற கடுதாசி எங்க போவும்? நமக்குத் தெரியாதா? பெரியதொரைக்கு எழுதுனா சின்னதொரைக்கு வரும். சின்னதொரை கண்டாக்குகிட்ட குடுப்பாரு. கண்டாக்கு நம்மளக் கூப்புட்டு ஒதைப்பாரு. எல்லாம் ஒரே பங்களாதான்."

"இது அந்தக் கடுதாசி இல்ல. இது போற எடமே வேற. துவிபாசி ஐயா சொன்னாரு. திருப்பிக் கண்டாக்குகிட்ட வராது."

"ஆறு வாரந்தானே. அதுல பத்து நாளு போயிருச்சு. சோறு போடுறாய்ங்க. கம்பளி ரெண்டு தந்திருக்காய்ங்க."

"அதுக்கப்பறம்?"

அவன் வலைக் கம்பியில் இருந்த துருவை நகத்தால் சுரண்டினான்.

"அதுக்கப்பறம் நீங்க வெளி ஆளு. கங்காணி லயத்துல வந்து நின்னு சொல்லிட்டுப் போறாரு. தீர்ப்பு நின்னா அது நின்னுரும் மச்சான். ஒங்கள வரச்சொன்னது நாந்தான்னு சொல்லுங்க. அது ஒண்ணுதான் வேணும்."

"அத மட்டும் கேக்காத." மாயாண்டி வலையைப் பிடித்துக்கொண்டான். "வெளி ஆள உள்ள கூப்புட்டவன்னு ஒம் பேர வெட்டிருவாய்ங்க. காம்பராவ விட்டுத் தள்ளிருவாய்ங்க. அதுக்காகத்தானே அன்னிக்கு அப்புடிச் சொன்னேன்?"

"வெட்டட்டுமே! பேர வெட்டுனா சீட்டக் குடுத்துத்தானே ஆகணும்? ஆறு மாசமாக் கங்காணி கால்ல விழுந்து கேக்குற சீட்டு அது!"

ஆறு மாதமாக இரண்டு பேருமே இதை யோசிக்கவில்லை. பேர் வெட்டுவது என்றால் பயப்பட வேண்டும் என்று பழகியிருந்தார்கள். அவ்வளவு நன்றாகப் பழக்கியிருந்தார்கள்.

"சரி" என்றான். பிறகும் தயங்கினான். "இன்னொண்ணு இருக்கு."

"என்ன?"

"ஆம்பள... பொண்டாட்டி கூப்புட்டா, அதான் போனேன்னு நாலு பேரு முன்னால எப்புடிச் சொல்றது? சிரிப்பாய்ங்க."

அழகம்மாவுக்கு அப்போதுதான் உண்மையாகவே கோபம் வந்தது. மூன்று நாளாக அவளை மலை ஏற்றி இறக்கியது இந்தக் கோபம்தான் என்று அவளுக்கே அந்த நிமிஷத்தில்தான் தெரிந்தது.

"சிரிக்கட்டும். எவரும் வரச்சொல்லலன்னு கோர்ட்டுல நெஞ்ச நிமித்திச் சொன்னீங்களே. நான் வராந்தாவுல நின்னுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்கு எப்புடி இருந்துச்சுன்னு தெரியுமா? ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் பாலத்துவரைக்கும் கூட வந்து, அடுத்த வாரம் வந்துருங்க மச்சான், வந்துருங்க மச்சான்னு சொல்லி அனுப்புனவ நான். ஒங்கள வரச்சொல்ல ஆளே இல்லன்னு ஊரு முன்னால சொல்லிட்டீங்க. கங்காணி சொன்ன வெளி ஆளு கூடப் பரவாயில்ல. மொதல்ல சொன்னது நீங்கதான்."

மாயாண்டி தலை குனிந்தான். மழித்த தலை முழுக்கத் தெரிந்தது. மறைக்கவில்லை.

ஜன்னலருகே ஜெயிலரின் சுருட்டு அணைந்துபோயிருந்தது. அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

இதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அழகம்மாவின் பேரை வெட்டினார்கள், சீட்டைக் கொடுத்தார்கள். கங்காணி, கொழுந்து எடுக்கிற அந்தக் கையைப் பார்த்து ஒரு வாரம் வருத்தப்பட்டார். அப்பீல் தீரும்வரைக்கும் செல்லசாமிப் பிள்ளை ஜாமீன் நின்று மாயாண்டியை வெளியே எடுத்தார். ஏன் என்று அவர் சொல்லவில்லை. "எங்கள மலையேத்தி விட்ட பாவத்துக்கு" என்று மீனம்மா கடைவீதி முழுக்கச் சொன்னாள். இரண்டரை மாதம் கழித்து, புதுக்கடையில், இவர்களை ஒருநாளும் பார்த்திராத நீதிபதி ஒருவர் தீர்ப்பைத் தள்ளினார். அறையில் குடியிருப்பவளைக் கேட்காமல் அவளுக்கு எரிச்சல் என்று எப்படி முடிவுகட்டினார்கள் என்று கேட்டிருந்தார். இந்தக் கேள்வியைக் கேட்க ஒருவர் சுப்பிரீம் கோர்ட்டு நீதிபதியாக இருக்க வேண்டியிருந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. ஆனால் கேட்டார்.

அன்று காலை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் எப்போதோ முடிந்துவிட்டது. ஜெயிலர் மேசைக்கு வந்து பேனாவை மையில் தோய்த்தார்.

"யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் தொரை" என்றான் மாயாண்டி. "அப்பீல் போடணும். எழுதிக்கங்க. அந்தக் காம்பராவுல குடியிருக்கது அழகம்மா. அவ எம் பொண்டாட்டி."

ஜெயிலர் எழுதினார்.

"அவதான் என்னைய வரச்சொன்னா." சொல்லிவிட்டுப் பக்கத்தில் நின்ற காவலாளியைப் பார்த்தான். காவலாளி சிரிக்கவில்லை. தைரியம் வந்து, குரலை உயர்த்தினான். "வாராவாரம் வரச்சொன்னா. பாலத்துக்கிட்ட நின்னு சொன்னா. அவ கூப்புட்டா, நான் போனேன். கோர்ட்டுல நான் சொன்னது பொய்யி."

"வாராவாரம்" என்று ஜெயிலர் முணுமுணுத்துக்கொண்டே எழுதினார். "அவ்வளவுதானா?"

"அவ கூப்புடாட்டியும் போயிருப்பேன்."

பேனா நின்றது. ஜெயிலர் தலை நிமிர்ந்தார். "இத எழுதுனா கேசு தோத்துருமே மடையா."

"எழுதாதீங்க தொரை" என்றான் மாயாண்டி. "அது ஒங்களுக்குச் சொல்லல."

வலைக்கு இந்தப் பக்கம் அழகம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். ஜெயிலர் மைப்பெட்டியைத் திறந்து, கைநாட்டு வைக்க வேண்டிய இடத்தில் ஒரு பெருக்கல் குறி போட்டு, காகிதத்தை அவன் பக்கம் தள்ளினார்.